பத்து மணிக்குப் பிறகு

ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவரிடம்
இதைச் சொல்லக் கூடாது.
எழுதப்படாத விதி.
எழுதியும் வைத்திருக்கிறார்கள்,
கையேட்டின் பதினேழாம் பக்கத்தில், ஆங்கிலத்தில்.

அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன்.
அந்தப் பக்கம் ஆனந்த்.
தீவு விரைவுச்சாலையில், ஸ்டீவன்ஸ் சாலை வெளிவழிக்கு அருகே
லாரி ஒன்று பழுதாகி நிற்கிறது என்றார்.
இடது தடத்தைத் தவிர்க்கச் சொன்னார்.
செங்காங்கில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி,
குழந்தைக்கு வயது அறுபத்திரண்டு என்று பார்த்ததும்
தானே சிரித்து, சிரிப்போடு பாட்டைப் போட்டார்.
என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால்
குரல் தேர்வுக்கு நாற்பத்தொரு பேர்.
எல்லாருக்கும் ஒரே கேள்வி:
எதிரே இருக்கும் கோப்பியைப் பற்றி
ஒரு நிமிஷம் பேசுங்கள்.
காவியம் பாடியவர்கள் உண்டு.
ஒருத்தி தன் காதலனைப் பற்றிப் பேசி அழுதாள்.
இவர் ஒரு வாய் குடித்துவிட்டு,
“ஆறிப்போச்சுங்க. முதல் ஆளுக்கு வச்ச கோப்பியா இது?” என்றார்.
அடுத்து வந்த பன்னிரண்டு பேரை
மரியாதைக்குக் கேட்டேன்.

பெயர்தான் இடித்தது. அனந்தபத்மநாபன்.
இதைச் சொல்லி முடிப்பதற்குள்
பாட்டில் பல்லவி முடிந்துவிடும் என்று
பின்பாதியை வெட்டினேன்.
மிஞ்சிய அனந்தனுக்கு
முன்னால் ஒரு சுழி சேர்த்தேன்.
முடிவில்லாதவன் என்று அப்பா வைத்தது;
காலை நிகழ்ச்சிக்கு
மகிழ்ச்சி போதும்.
துவாஸ் கிடங்கில் இரவு வேலை பார்த்து வந்தவர்,
எதற்கும் சரி என்றிருப்பார்.

எங்கள் சந்திப்பு அறைகளுக்கு ஆர்க்கிட் பெயர்கள்.
காலியாக இருந்தது வண்டா.
மனிதவளப் பிரிவின் சூ மெய்
டிஷ்யூ பெட்டியை மேசை நடுவில் வைத்தாள்.
யோசித்து, அவர் நாற்காலிப் பக்கம் நகர்த்தினாள்.
கடிதத்தில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி:
அனந்தபத்மநாபன் த/பெ கோவிந்தராசு.
வெட்டியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன்.

“நிறுவனம் உங்களைப் பணிநீக்கம்…” என்று தொடங்கினேன்.
“ஆட்குறைப்பு” என்றார்.
“பணிநீக்கம்னா நான் ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி ஆயிடும்.
போன மாசம் அந்த வங்கியில முந்நூறு பேர்.
நான்தானே வாசிச்சேன். ஆட்குறைப்புன்னுதான் வாசிச்சேன்.”
ஆட்குறைப்பு, என்றேன்.
சூ மெய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நிலையத்தில் எட்டு விநாடி சத்தமில்லாமல் போனால்
இயந்திரமே ஒரு பாட்டைப் போடும்.
வண்டாவில் அந்த வசதி இல்லை.
இருபது வரை எண்ணினேன்.

“பதினொரு மணிக்கு யாரு?”
பதிவு செய்ததைத்தான் ஓட்டுகிறோம் என்றேன்.
“அப்ப அந்த லாரி?”
எனக்குப் புரியவில்லை.
“எடுத்துட்டாங்களா இல்லையான்னு
யாராவது சொல்லணும்ல.”
கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார்.
பட்டை காதில் மாட்டிக்கொண்டது.
எழுந்து உதவலாமா என்று நான் யோசிப்பதற்குள்
எடுத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு நானே உள்ளே போனேன்.
நான் பேசி ஏழு வருஷமாயிற்று.
காதொலிப்பான் அவர் தலைக்கு விரிந்தபடி இருந்தது;
எனக்குச் சரிந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.
ஸ்டீவன்ஸ் சாலை வெளிவழியில் நின்ற லாரி
அகற்றப்பட்டது என்றேன்.
போக்குவரத்து வழக்கம்போல் இருக்கிறது என்றேன்.

திரையில் ஒரு குறுஞ்செய்தி. செங்காங் குழந்தை:
‘ஆனந்துக்கு நன்றி சொல்லிடுங்க.
அடுத்த வருஷம் வயசைச் சொல்ல வேணாம்னும் சொல்லிடுங்க.’

ஐந்து… ஆறு…
பாட்டைப் போட்டேன்.